தங்க உருண்டை வைத்த உலை

விழுப்புரம்,
12-10-2009

மதிப்பிற்குரிய சம்பந்தி சவுரியம்மாள் அவர்களுக்கு,

எனக்கு விமானம் என்றால் பயம் என்று உங்கள் பக்கத்து வீட்டு கெங்கம்மாள் கூட்டேரிப்பட்டுக் கல்யாணத்தில் நாலு பேர் நடுவில் சொன்னாராம். "அந்தம்மாவுக்கு ஏரோப்ளேன்னா பயமாம். அதான் மருமவ பிரசவத்துக்குக்கூடப் போவாம வூட்டுலயே குந்திக்கினு கீது" என்று சொன்னதாக, அதே பந்தியில் உட்கார்ந்திருந்த என் தங்கை பவானி வந்து சொன்னாள். இது தவறான செய்தி. எனக்கு விமானப் பயம் கிடையாது. பயப்படுவதற்கு முதலில் யாராவது என்னை ஏறச் சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை. இதை கெங்கம்மாளிடம் நீங்களே தெளிவுபடுத்திவிடுங்கள்.

தலைப்பிரசவம் பெண்ணைப் பெற்றவளின் உரிமை. நீங்கள் வியன்னாவுக்குப் போய் ரோஜாவுக்குப் பிரசவம் பார்த்து வந்ததில் எனக்கு ஆட்சேபணை இல்லை. லேகியமும் வசம்பும் ஓமமும் உங்கள் கையில்தான் கொடுத்தனுப்பினேன். லேகியத்தைக் கொடுத்தீர்களா, அல்லது அந்த ஊர் டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் எழுத வந்தது வேறு விஷயம். புகழேந்தி அனுப்பிய பதினான்கு புகைப்படங்கள் முந்தாநாள் தபாலில் வந்தன. பதினொன்று குழந்தை. ஷாலினிக்கு என் மூக்கு. மீதி மூன்று படங்களில் நீங்கள் ஒரு கட்டடத்தின் முன்னால் நிற்கிறீர்கள். பல நிறத்தில் சுவர், பெரிய புகைபோக்கி, அதன் நடுவே தங்க உருண்டை. ஒரு படத்தில் என் மகன் உங்கள் தோளில் கை போட்டிருக்கிறான். அது என்ன இடம் என்று உங்களுக்குத் தெரியுமா?

எனக்குத் தெரியும். பதினாறு வருடமாகத் தெரியும். அது குப்பை எரிக்கும் ஆலை. அந்தச் சூட்டில் வெந்நீர் காய்ச்சி ஊருக்கெல்லாம் குழாயில் அனுப்புகிறார்கள். 1993இல் என் கணவர் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் அதன் படத்தைப் பார்த்தார். நகராட்சியில் சானிட்டரி இன்ஸ்பெக்டராக இருபத்தாறு வருடம் குப்பையோடு போராடிய மனிதர். படத்தைக் கத்தரித்து பீரோ கதவின் உட்பக்கத்தில் ஒட்டினார். "தேவகி, இங்க வந்து பாரேன், குப்பை எரிக்கிற எடத்துக்கு மேல தங்க உருண்டை வெச்சிக்கினு இருக்கான்" என்று கூப்பிட்டார். பக்கத்தில் நின்ற பிள்ளையிடம், "டேய் புகழு, நீ பெரியவனாயி அம்மாவ இட்டுக்கினு போயி இத்தக் காட்டணும்" என்றார். அம்மாவை என்றார். அத்தையை என்று சொல்லவில்லை. ஆறு வருடத்தில் அவர் காலமாகிவிட்டார். புகழேந்தி வேலைக்குப் போயிருப்பதும் அதே ஊர். அந்த இடத்தில் முதலில் நிற்க வேண்டியவள் நான்.

இன்னொன்று. படத்தில் நீங்கள் போட்டிருக்கும் சாம்பல் நிற ஸ்வெட்டர் நான் பின்னியது. கான்வென்டில் மதர் சுப்பீரியர் சொல்லிக்கொடுத்த பின்னல் அது. என் மகனின் அளவுக்குப் பின்னினேன். உங்கள் அளவுக்கு அல்ல. அது எப்படி உங்களிடம் வந்தது என்பதை எழுதவும்.

தங்கள் சம்பந்தி,
தேவகி கோதண்டபாணி

---

திண்டிவனம்

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

சவுரியம்மாள் வணக்கம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நாங்கள் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உங்கள் கடிதம் வந்ததும் வீட்டுக்காரர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கடுதாசியா, கோர்ட்டு சம்மனா?" என்று கேட்டார். அவர் அப்படித்தான் பேசுவார், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போன் போட்டால் நீங்கள் எடுப்பதில்லை. ஆகவே நானும் எழுதுகிறேன். சத்துணவுக்கூடத்தில் இருபத்தைந்து வருடம் ரிஜிஸ்டர் எழுதிய கைதான், கடிதம் எழுதிப் பழக்கமில்லை.

கெங்கம்மாளைக் கேட்டுவிட்டேன். "நானா கற்பனையா சொன்னேன், கேட்டதச் சொன்னேன்" என்கிறது. இனிமேல் பேசாது.

லேகியத்தை டாக்டரம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, ஏதோ சொல்லிச் சிரித்தார். ரோஜா ஒளித்து வைத்துச் சாப்பிட்டாள். பாதி சட்டி காலி. அவளுக்கு உங்கள் லேகியம் என்றால் உயிர்.

ஸ்வெட்டர் விஷயம். அன்றைக்கு மழை. ஆனி மாதத்தில் அங்கே மார்கழிக் குளிர் அடித்தது. நான் நூல் புடவையோடு போய்விட்டேன். பல் கிட்டியதைப் பார்த்து மாப்பிள்ளை கழற்றிப் போட்டுவிட்டார். "வாணாம் மாப்ள, நீங்க போட்டுக்கோங்க" என்றேன். "அம்மா பின்னுனது அத்த, கதகதன்னு இருக்கும், போட்டுக்கோங்க" என்றார். வீட்டுக்கு வந்ததும் துவைத்துக் கொடுத்துவிட்டேன். என்னிடம் இல்லை.

அந்த இடத்தைப் பற்றிக் கேட்டீர்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ரயிலில் இறங்கி வெளியே வந்தால் எதிரே நிற்கிறது. ஜன்னலில் ஒன்றுபோல ஒன்று இல்லை. சுவரில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம், சிவப்புத் தூண், நீலத் தூண், தூண் மேல் குமிழ், மாடியில் மரம். மேலே தங்கம் மின்னுகிறது. நான் மாதா கோயில் என்றே நினைத்துவிட்டேன். அந்த ஊரில் தடுக்கி விழுந்தால் கோயில். பெண்ணுக்கு ஒன்பதாம் மாதம். செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரத் தரையில் முழங்கால் போட்டு, சிலுவை போட்டு, ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபத்தை முழுசாகச் சொல்லி முடித்துவிட்டேன். வெள்ளைக்காரர்கள் ஒதுங்கி நின்று பார்க்கிறார்கள். மாப்பிள்ளை, "அத்த, அத்த, எழுந்திருங்க, இது குப்பை எரிக்கிற எடம்!" என்று சொல்லிச் சிரிக்கிறார், சிரிப்பில் கண்ணிலே தண்ணீர் வந்துவிட்டது. நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சமயம் எடுத்த படம்தான் நீங்கள் பார்த்தது.

உங்கள் வீட்டுக்காரர் ஆசைப்பட்ட இடம் என்று நீங்கள் எழுதித்தான் விவரமாகத் தெரிந்துகொண்டேன். மனசு கஷ்டமாக இருக்கிறது. வேறு என்ன தெரிய வேண்டும் என்று கேளுங்கள், எழுதுகிறேன். ஒரு நாள் திண்டிவனம் வந்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
சவுரியம்மாள்

---

விழுப்புரம்,
27-10-2009

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் தேதி இல்லை. தபால் முத்திரையைப் பார்த்து 21ஆம் தேதி என்று குறித்துக்கொண்டேன்.

குப்பை உலையின் முன்னால் முழங்கால் போட்டு ஜெபம் செய்தீர்கள் என்று படித்தேன். அதை நான் யாரிடமும் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை. உலகமெங்கிலுமிருந்து இஞ்சினியர்கள் போய்ப் பார்க்கும் இடம் அது. அதைப் பார்க்கவும் ஒரு தகுதி வேண்டாமா? எது கோயில், எது தொழிற்சாலை என்று தெரியாத ஒருவரை அழைத்துப் போய் நிறுத்தி, விளக்கம் சொல்ல என் மகன் எவ்வளவு சிரமப்பட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். நான் போயிருந்தால் அவன் எதையும் விளக்க வேண்டியிருந்திருக்காது. அந்தப் புகைபோக்கியின் உயரம்கூட எனக்குத் தெரியும். என் கணவர் படத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்.

கேளுங்கள் என்று நீங்களே சொன்னதால் கேட்கிறேன். உள்ளே போனீர்களா, வெளியிலிருந்து பார்த்ததோடு சரியா? நாற்றம் அடித்ததா? லாரி எந்தப் பக்கமாக உள்ளே போகிறது? குப்பையை ஆட்கள் கையால் தொடுகிறார்களா? இது என் கணவர் அடிக்கடி கேட்ட கேள்வி. அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. என்னாலும் சொல்ல முடியவில்லை.

இவற்றுக்கு நீங்கள் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. ஒன்றுக்கு மட்டும் கட்டாயம் எழுத வேண்டும். அங்கே நின்றபோது புகழேந்தி அவன் அப்பாவைப் பற்றி ஏதாவது சொன்னானா? என்னைப் பற்றி? அம்மாவை அழைத்துவர வேண்டிய இடத்துக்கு மாமியாரை அழைத்துவந்திருக்கிறோமே என்ற நினைவு அவன் முகத்தில் இருந்ததா? நான் அவனிடம் கேட்கமாட்டேன். கேட்டு வாங்கும் பழக்கம் எனக்கு இல்லை.

ரோஜா லேகியத்தை ஒளித்து வைத்துச் சாப்பிட்டது சரியில்லை. டாக்டரிடம் எடுத்துச் சொல்லிவிட்டுச் சாப்பிட்டிருக்கலாம். ஆனாலும் சாப்பிட்டாள் என்பதில் சந்தோஷம்.

தங்கள் சம்பந்தி,
தேவகி கோதண்டபாணி

---

திண்டிவனம்,
9-11-2009

சம்பந்தியம்மாவுக்கு,

தேதி போட்டுவிட்டேன்.

உங்கள் கடிதத்தை வீட்டுக்காரரிடம் காட்டவில்லை. காட்டினால் உங்களுக்கு மரியாதை போய்விடும். நான் கோயிலையும் தொழிற்சாலையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவள்தான். ஆனால் நான் செய்த ஜெபம் வீணாகவில்லை. மூன்றாம் நாள் சுகப்பிரசவம். எந்தச் சாமி கேட்டதோ, கேட்டது.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் சொல்கிறேன். உள்ளே போனோம். மாப்பிள்ளை முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி வாங்கி வைத்திருந்தார். தலைக்கு ஒரு பிளாஸ்டிக் தொப்பி கொடுத்தார்கள். ஒரு பொம்பளைப் பிள்ளைதான் கூட்டிப்போய் எல்லாம் காட்டியது. நாற்றம் இல்லை, எங்கள் தெருமுனைத் தொட்டியின் நாற்றத்தில் காலணா அளவுகூட இல்லை. லாரி பின்பக்கமாக வந்து பின்னாலேயே நகர்ந்து கதவுக்குள் கொட்டிவிட்டுப் போகிறது. கொட்டுகிற குழி நம் ஊர் ஏரி மதகு அளவுக்கு ஆழம். மேலேயிருந்து இரும்பு நகம் ஒன்று இறங்கி, பருந்து கோழிக்குஞ்சைத் தூக்குகிற மாதிரி அள்ளிக்கொண்டு போகிறது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் ஒருத்தர் உட்கார்ந்து அதை ஓட்டுகிறார். கையிலே காப்பி. ஒருவரும் கையால் தொடுவதில்லை. தொடவே இல்லை சம்பந்தியம்மா. என் அப்பாவும் அண்ணனும் என்ன வேலை பார்த்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கேட்டதில்லை.

இப்போது நீங்கள் கட்டாயம் எழுதச் சொன்னது. எழுத வேண்டாம் என்றுதான் பத்து நாள் இருந்தேன். தகுதி என்று எழுதினீர்களே, அதனால் எழுதுகிறேன்.

அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டு மாப்பிள்ளை அந்த இரும்பு நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "எங்க அப்பா இத்தப் பாக்கணும்னு ரொம்ப ஆசப்பட்டாரு அத்த" என்றார். நான், "அப்ப உங்க அம்மாவயாச்சும் இட்டாந்து காட்டக் கூடாதா? அவங்களுக்கு ஏரோப்ளேன்னா பயம்னு ரோஜா சொல்லுச்சே" என்றேன். "பயமெல்லாம் ஒண்ணும் இல்ல அத்த. அம்மாவ ஏன் இட்டாறலன்னு ரோஜா கேட்டுக்கினே இருந்துச்சு, அதான் அப்படிச் சொல்லி வெச்சேன்" என்றார். ஆகவே அந்தப் பேச்சை ஊரில் கிளப்பியது கெங்கம்மாள் இல்லை. நானும் அதன் காதில் போட்டிருக்கிறேன், அது என் தப்பு. முதலில் சொன்னது உங்கள் மகன்.

"ஏன் மாப்ள?" என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அம்மாவுக்குக் குப்பைன்னா ஆகாது அத்த. அப்பா வேல முடிஞ்சி வந்தா குளிக்காம வீட்டுக்குள்ள விட்டதில்ல. காய்ச்சல் நாள்லகூட கெணத்தடியில குளிச்சிட்டுதான் உள்ள வருவாரு. நான்தான் துண்டு எடுத்துக்கினு போயி நிப்பேன். இங்க இட்டாந்து, அம்மா மூக்கப் பொத்திக்கினு நின்னா என்னால தாங்க முடியாது. நீங்க பாருங்க, முழங்காலே போட்டுட்டீங்க." இப்படிச் சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார். வெளியே வந்து இன்னொரு படம் எடுக்கும்போதுதான் என் தோளில் கை போட்டார்.

எங்கள் வீட்டுக்கு நீங்கள் ஒரே ஒரு தடவை வந்தீர்கள். பூ வைக்க. நான் டீ போட்டு வைத்திருந்தேன். "எனக்கு கூல்டிரிங்ஸ் போதும், மூடியை நானே திறந்துக்கறேன்" என்றீர்கள். நான் அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்லியிருக்கமாட்டேன்.

நல்லபடியாக இருங்கள். முழங்காலுக்கு நல்லெண்ணெய் தேயுங்கள்.

சவுரியம்மாள்

---

விழுப்புரம்,
3-3-2012

அன்புள்ள சவுரியம்மாளுக்கு,

உங்கள் கடைசிக் கடிதத்துக்கு இரண்டு வருடமும் நான்கு மாதமும் கழித்துப் பதில் எழுதுகிறேன். இடையில் பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் நீங்கள் அனுப்பிய கார்டுகள் வந்தன. பத்திரமாக இருக்கின்றன. பதில் போடாதது மரியாதைக் குறைவு. பலமுறை எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் உங்கள் கடிதத்தில் எங்கே தவறு என்று தேடிப் பார்ப்பதிலேயே பொழுது போயிற்று. தவறு ஒன்றும் அகப்படவில்லை.

என் முதல் கடிதத்தில் நான் ஒன்றை விட்டுவிட்டேன். அவர் அந்தப் படத்தைக் காட்டி, பிள்ளையிடம் அம்மாவை அழைத்துப் போ என்று சொன்னதை எழுதினேன். அதற்கு நான் என்ன சொன்னேன் என்று எழுதவில்லை. "குப்பையைப் பார்க்கக் கப்பல் ஏறணுமா? அதுதான் தினமும் சைக்கிளில் வீட்டுக்கு வருதே" என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். வேடிக்கைக்குச் சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பிள்ளை சிரிக்கவில்லை. அவனுக்கு அப்போது பதினான்கு வயது.

கான்வென்ட் தோழிகள் கேட்டால் அவர் சுகாதாரத் துறையில் இருக்கிறார் என்பேன். அது பொய்யில்லை. ஆனால் அந்த வார்த்தைக்குப் பின்னால்தான் நான் முப்பது வருடம் குடித்தனம் செய்தேன். கிணற்றடிக் குளியலும் உண்மை. காய்ச்சல் நாளும் உண்மை. அவருடைய துண்டைத் தனிக் கொடியில்தான் உலர்த்துவேன். உங்கள் வீட்டில் அன்றைக்கு மூடி திறக்காத பாட்டிலைக் கேட்டதற்கும் காரணம் தாகம் இல்லை. காரணம் உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இதை எழுதியதால் அது சரியாகிவிடாது என்பதும் தெரியும்.

நான் உங்கள்மேல் பொறாமைப்பட்டேன். இப்போதும் படுகிறேன். ஸ்வெட்டருக்கும் தங்க உருண்டைக்கும் பட்டது போக, மீதி முழுக்க அந்தச் சிரிப்புக்காக. என் மகன் கண்ணில் நீர் வரச் சிரித்து நான் பார்த்ததில்லை. என் எதிரில் அவன் வாயை மூடிக்கொண்டு சிரிப்பான், எங்கேயாவது தவறாகச் சிரித்துவிடுவோமோ என்பதுபோல. நீங்கள் ஒரு தப்பு செய்தீர்கள், அவன் சிரித்தான். நான் தப்பே செய்யாமல் எழுபது வருடம் இருந்துவிட்டேன்.

ரோஜாவுக்கு மறுபடி ஐந்தாம் மாதம் என்று பவானி மூலம் தெரிந்துகொண்டேன். புகழேந்தி போனில் சொல்லியிருக்கிறான், நான் எடுக்காததால் அவளிடம் சொன்னானாம். நீங்கள் விசாவுக்கு மனுப் போட்டிருப்பதாகவும் கேள்விப்பட்டேன். ஜூலையில் போகிறீர்கள்.

அந்தப் பிரசவத்துக்கு உங்களுக்குப் பதிலாக என்னை அனுப்புங்கள்.

இது உங்கள் உரிமை என்பதால்தான் உங்களிடம் கேட்கிறேன். மகனிடம் கேட்டால் அவன் வா என்றுதான் சொல்வான், என்னை மறுக்க அவனுக்குத் தெரியாது. பிறகு ரோஜாவிடம் தனியாகப் போய் வருத்தப்படுவான். நீங்கள் அனுப்பி நான் போனால் அது வேறு. ரோஜா உங்களைத்தான் எதிர்பார்த்திருப்பாள். அதனால் அவளிடமும் நீங்கள்தான் கேட்க வேண்டும். அவள் வேண்டாம் என்றால் அத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

எனக்குப் பச்சைக்குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டத் தெரியும். பத்தியச் சமையல் தெரியும். நீங்கள் எப்படிச் செய்தீர்களோ அப்படியே செய்ய எழுதிக் கொடுங்கள், செய்கிறேன். அவள் செய்வதையெல்லாம் திருத்தாமல் இருக்க முயற்சி செய்வேன். உறுதி தர முடியாது. ஷாலினிக்கு நான் யார் என்று தெரியாது. அவளுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் நடக்க முடியும். பாஸ்போர்ட்டுக்குப் போன வாரமே புகைப்படம் எடுத்துவிட்டேன். அதில் நான் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்று புகைப்படக்காரரே சொன்னார்.

அந்த ஆலைக்கு என்னை அழைத்துப் போக வேண்டும் என்று அவனிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். அவனாக அழைத்துப் போனால் போவேன். போகாவிட்டால் குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பேன்.

உங்கள் அப்பாவும் அண்ணனும் பார்த்த வேலையை நான் கேட்டதில்லை என்று எழுதியிருந்தீர்கள். இப்போது கேட்கிறேன். எழுத விருப்பமிருந்தால் எழுதுங்கள்.

சம்மதமானாலும் மறுப்பானாலும் தயவுசெய்து கடிதமாகவே அனுப்புங்கள். போனில் சொன்னால் நான் குறுக்கே பேசிவிடுவேன். சுயவிலாசமிட்ட உறை ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
தேவகி